நெல்வயலில் பார உலோகம்: கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

நெல்லுக்கு ஒரு வருத்தம் வந்தால் அது கமக்காரரின் கண்ணுக்குத் தப்புவதில்லை. இலை மஞ்சளித்தால் பசளை போதாது என்பர். நடுக்குருத்துக் காய்ந்தால் தண்டு துளைப்பான் வந்துவிட்டது என்பர். வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் கருகினால் அறக்கொட்டி என்று அறிவர். பயிரின் முகத்தைப் பார்த்தே மண்ணின் குறையையும் நீரின் குறையையும் சொல்லிவிடுவது தலைமுறை தலைமுறையாக வந்த அறிவாகும்.

ஆனால் அந்த அறிவுக்கும் பிடிபடாத ஒரு நஞ்சு உண்டு. அது மண்ணில் இருக்கும்போதும் பயிர் பச்சையாகவே நிற்கும். கதிர் முற்றித் தலைசாயும். சூடு அடித்தால் மூடைக் கணக்கும் குறையாது. நஞ்சு அரிசிக்குள் இருக்கும். அதை உண்ட குடும்பத்துக்குப் பல வருடங்கள் கழித்தே அது தெரியவரும். பார உலோகங்களால் மண் மாசடைவது பற்றி நெல் விளைவிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதற்கு இதுவே முதற் காரணம். பல வருடங்கள் பயிரின்றிக் கிடந்த காணிக்கு, அல்லது பிறர் பாவனையிலிருந்த காணிக்குத் திரும்பியவர்களும் திரும்பக் காத்திருப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது இன்னும் நன்று.

பார உலோகங்கள் எவை?

ஈயம், கட்மியம், இரசம், குரோமியம், செம்பு, நாகம் முதலியன பார உலோகங்கள் எனப்படும். ஆசனிக் எனும் பாஷாணம் முழுமையான உலோகமன்று. ஆயினும் அதன் குணத்தால் இவற்றுடன் சேர்த்தே எண்ணப்படுகின்றது. செம்பும் நாகமும் மிகச் சிறிதளவில் பயிருக்குத் தேவையானவை. அளவு மிஞ்சினால் அவையும் நஞ்சாகும். கட்மியம், ஈயம், இரசம் ஆகியவற்றால் நெல்லுக்கும் பயனில்லை, மனிதருக்கும் பயனில்லை.

கிருமிநாசினிகளில் பெரும்பாலானவை வெயிலிலும் மழையிலும் மண்ணின் நுண்ணுயிர்களாலும் காலப்போக்கில் சிதைந்துபோகும். உலோகம் சிதையாது. அது உக்குவதுமில்லை, எரித்தால் அழிவதுமில்லை. மழைநீர் அதை எளிதில் கழுவிக்கொண்டு போவதுமில்லை. உழவு படுகின்ற மேல்மண்ணிலேயே, அதாவது நெல்லின் வேர் ஓடும் படையிலேயே, அது தங்கிவிடும். ஒருமுறை மாசடைந்த வயல் ஒரு மனித ஆயுளுக்கு மேலும் மாசடைந்ததாகவே இருக்கக்கூடும்.

செம்பு காட்டிக்கொடுத்தது

இந்த விடயத்தில் உலகுக்குப் பாடம் கற்பித்தவர்கள் யப்பானின் நெற்செய்கையாளர்கள். அவர்களுடைய இரண்டு ஆற்றுப்படுகைகளின் வரலாற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் விடயம் தெளிவாகும்.

முதலாவது வத்தரசே ஆறு. அதன் மேற்பகுதியில் அஷியோ என்ற செம்புச் சுரங்கம் இருந்தது. 1880களில் சுரங்கம் விரிவடைந்தபோது சுற்றியிருந்த மலைகள் மொட்டையாகின. ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. 1890 இலும் 1896 இலும் வந்த பெருவெள்ளங்கள் செம்பு கலந்த சேற்றைக் கீழேயிருந்த வயல்களில் பரப்பின. செம்பு நெல்லின் வேரைத் தாக்கும் உலோகம். வேர் நீளாமல் தடித்துக் கபில நிறமாகும்; நுண்வேர்கள் தோன்றா; மட்டம் வெடிப்பது குறையும்; பயிர் மஞ்சளித்துக் குறுகி நிற்கும். எனவே கமக்காரர் உடனேயே கண்டுகொண்டனர். கூட்டமாக டோக்கியோவுக்கு நடந்து சென்று முறையிட்டனர். அவர்களுடைய பாராளுமன்ற உறுப்பினரான தனக்கா ஷோசோ 1891 இல் இதைச் சபையில் எழுப்பினார். பலன் கிட்டாத நிலையில் 1901 இல் பதவியைத் துறந்து, பேரரசரின் வண்டியை வீதியில் மறித்து மனுக் கொடுக்கவும் முயன்றார்.

முடிவு வேறாக அமைந்தது. வெள்ளத்தைத் தேக்குவதற்கென்று கீழ்ப்புறத்திலிருந்த யனக்கா என்னும் கிராமமே எடுக்கப்பட்டது. கடைசிவரை போக மறுத்த குடும்பங்களின் வீடுகள் 1907 இல் இடிக்கப்பட்டன. அந்தக் கிராமத்தவர் ஊர் திரும்பவேயில்லை. நிலம் மாசடைவதும் மக்கள் இடம்பெயர்வதும் எவ்வளவு நெருங்கிய உறவுடையவை என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

கட்மியம் மறைந்திருந்தது

இரண்டாவது தொயாமா மாகாணத்தின் ஜின்சூ நதி. அதன் மேற்பகுதியில் மிட்சுயி நிறுவனத்தின் கமியோக்கா சுரங்கம் நாகமும் ஈயமும் எடுத்தது. நாகத்தின் தாதுவோடு கட்மியமும் கூடவே இருக்கும். கழிவு ஆற்றில் விழுந்தது. ஆற்றுநீர் வாய்க்கால் வழியே வயல்களுக்குப் பாய்ந்தது. அங்கும் பயிர்ச்சேதம் பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. ஆயினும் பெரும்பாலான வயல்கள் தொடர்ந்து விளைந்தன. மக்கள் தம் வயலின் அரிசியையே உண்டு வந்தனர்.

1910களிலிருந்து அந்த ஊர்களில் ஒரு விசித்திரமான நோய் தோன்றியது. பல பிள்ளைகளைப் பெற்று, நடுத்தர வயதைக் கடந்த பெண்களையே அது பெரிதும் பீடித்தது. முதலில் இடுப்பிலும் காலிலும் நோவு. பின் நடை தாராவின் நடைபோல ஆகும். இறுதியில் இருமினாலே விலா எலும்பு முறியும். “இத்தாய், இத்தாய்” என்று அவர்கள் அலறினர். யப்பானிய மொழியில் “நோகுதே, நோகுதே” என்பது அதன் பொருள். அதுவே நோயின் பெயராயிற்று. பூர்வ வினை என்று சிலர் ஒதுக்கினர்.

ஊர் வைத்தியரான ஹகினோ நொபொரு தம் நோயாளரின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். ஜின்சூ நதியின் நீர் பாயும் ஊர்களுக்குள்ளேயே நோய் அடங்கியிருந்தது; வேறு ஆற்றின் நீர் பாயும் பக்கத்து ஊர்களில் அது இல்லை. பயிர்ச்சேதத்தை ஆராய வந்த விவசாய விஞ்ஞானி யொசியோக்காவுடன் சேர்ந்து 1961 இல் கட்மியமே காரணம் என்று அவர் அறிவித்தார். பலர் அவரை எள்ளினர். 1968 இல் யப்பானிய அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதே வருடம் பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடர்ந்தனர். 1971 இல் மாவட்ட நீதிமன்றிலும் 1972 இல் மேல்முறையீட்டிலும் வென்றனர். இந்நோயாளராக அரசினால் ஏற்கப்பட்டோர் மொத்தம் ஏறத்தாழ 200 பேர். ஏற்கப்படுவதற்கு முன்னரே இறந்தோர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

செம்பு பயிரிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தது. கட்மியமோ பெரும்பாலும் பயிரை விட்டுவிட்டு உண்பவரின் உடலில் தன்னைக் காட்டியது. இந்த வேறுபாட்டை மனதிற் கொண்டால் மீதி எல்லாம் எளிதில் விளங்கும்.

பயிருக்குள் நடப்பது என்ன?

நெல்லின் வேர் தனக்கு வேண்டிய சத்துக்களை எடுக்கத் தனித்தனி வாசல்களை வைத்திருக்கிறது. மங்கனீசு என்ற சத்து நுழையும் வாசலால் கட்மியமும் நுழைந்துவிடுகிறது. வேருக்கு இரண்டையும் பிரித்தறிய முடிவதில்லை. உள்ளே வந்த கட்மியத்தில் ஒரு பங்கை வேர் தன் கலங்களுக்குள் பூட்டி வைக்கும். மிகுதி தண்டுக்கு ஏறும். அங்கிருந்து கணுக்கள் வழியாகக் கதிருக்குச் சென்று, மணி முற்றும் காலத்தில் அரிசியில் படியும்.

மண்ணில் கட்மியம் மிக அதிகமானால் வேர் கட்டையாகி இலை மஞ்சளிக்கும். ஆனால் அரிசி உண்ணத் தகாததாவதற்கு அவ்வளவு தேவையில்லை. வெள்ளை அரிசியில் கிலோ ஒன்றுக்கு 0.4 மில்லிகிராமே சர்வதேச உணவு நியமத்தின் உச்ச எல்லை. ஓர் அரிசி மணியின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம் என்று கொண்டால், அந்த மணியை ஐம்பது துண்டாக்கி அதில் ஒரு துண்டளவு நஞ்சு ஒரு கிலோ அரிசியில் இருக்கலாம். அதற்கு மேல் ஆகாது. இந்த அளவில் பயிர் எந்த அடையாளத்தையும் காட்டாது. அரிசியைத் தீட்டினாலும் கட்மியம் பெரிதாகக் குறையாது. அது மணியின் உட்பகுதியிலும் இருக்கிறது.

உடலுக்குள் சென்ற கட்மியம் சிறுநீரகத்தில் தங்கிப் பத்து, இருபது, முப்பது வருடங்கள் என்று சேர்ந்துகொண்டே போகும். சிறுநீரகம் பழுதானால் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் பொசுபரசும் சிறுநீருடன் வெளியேறும், எலும்பு மெதுமையாகும். இரத்தச்சோகை உள்ளவர்களின் உடல் கட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். பல பிள்ளைகளைப் பெற்ற ஏழைத் தாய்மார் அங்கே முதலில் வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஈயத்தின் நடத்தை வேறு. அதில் பெரும்பங்கு வேரிலேயே நின்றுவிடும். மணிக்குச் செல்வது சொற்பம். ஈயம் மனிதரை அடைவது பெரும்பாலும் தூசியாலும், மண் படிந்த கையாலும், முற்றத்து மண்ணில் விளையாடும் குழந்தையின் வாயாலுமே.

தண்ணீர் செய்யும் வேலை

நெல் மற்றப் பயிர்களைப் போன்றதன்று, நீருக்குள் நிற்பது. வயலில் நீர் கட்டிய சில நாட்களில் மண்ணிலுள்ள காற்று தீர்ந்துவிடும். காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தகத்தைச் சல்பைட்டாக மாற்றும். சேற்றைக் கிண்டும்போது எழும் அழுகிய முட்டை நாற்றம் இதனால் வருவதே. அந்தச் சல்பைட்டுடன் கட்மியம் சேர்ந்து நீரில் கரையாத பொருளாகிவிடும். வேரால் அதை எடுக்க முடியாது. நீரை வெட்டிவிட்டு வயலைக் காயவிட்டால் காற்று புகும், பூட்டு உடையும், கட்மியம் கரைந்து வேருக்குச் செல்லும். கதிர் வரும் காலத்தில் வயல் காய்ந்தால் அரிசியில் கட்மியம் பல மடங்கு கூடும். ஆகவே யப்பானில் மாசடைந்த வயல்களுக்குச் சொல்லப்படும் விதி இது: கதிர் வெளிவருவதற்கு மூன்று கிழமை முன்னரும் மூன்று கிழமை பின்னரும் வயலில் நீர் நிற்க வேண்டும்.

நீர் கட்டிய வயல்மண்ணில் நிகழும் இத்தகைய மாற்றங்களை உலகுக்கு விளக்கிய முன்னோடிகளில் ஒருவர் எமது நாட்டவரான விஞ்ஞானி பீலிக்ஸ் பொன்னம்பெரும என்பதையும் இங்கே குறிப்பிடலாம். இலங்கையின் ஈரவலய வயல்களில் இலை செம்பழுப்பாகும் நோய்க்கு இரும்பு மிகுவதே காரணம் என்று 1955 இல் எழுதியவர் அவர். பின்னர் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றினார்.

ஆசனிக்குக்கு விதி எதிர்மாறு. அது காய்ந்த மண்ணில் இரும்புத் துருவுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் கட்டினால் துரு கரையும், ஆசனிக் விடுபடும், நெல் சிலிக்கா எடுக்கும் வாசலால் அது உள்ளே போகும். பங்களாதேஷில் 1993 இல் குழாய்க் கிணற்று நீரில் ஆசனிக் இருப்பது உறுதியானது. அந்த நீரைக் கோடை நெல்லுக்கு வருடாவருடம் இறைத்த வயல்களின் மண்ணிலும் அது சேர்ந்தது. மண்ணில் அது மிஞ்சும்போது கதிர் தலைசாயாமல் நேராக நிற்கும். மணி பிடியாமல் சப்பியாகும். உமி கிளிமூக்குப்போல வளையும். ஆசனிக் உள்ள வயலுக்கு நீரை இடையிடையே வற்றவிடுவதே நல்லது.

ஒரே வயலில் இரண்டும் இருந்தால் ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு நஞ்சாகும். எந்த உலோகம் இருக்கிறது என்று அறியாமல் வைத்தியம் செய்ய முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

நிலம் திரும்பக் கிடைத்தது

வழக்கில் வென்ற ஜின்சூ மக்கள் நட்டஈட்டுடன் நிற்கவில்லை. வயல்களைச் சீர்செய்யவும், சுரங்கத்துக்குள் சென்று தாமே பார்வையிடவும் நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி பெற்றனர். 1972 முதல் வருடந்தோறும் விஞ்ஞானிகளையும் அழைத்துக்கொண்டு சென்று பார்வையிட்டு வருகின்றனர். அதனால் ஆற்றுநீர் மீண்டும் தெளிந்தது.

மாசடைந்ததாக அடையாளம் காணப்பட்ட நிலம் ஏறத்தாழ 1,500 ஹெக்ரெயர், அதாவது சுமார் 3,700 ஏக்கர். நஞ்சு மண்ணை ஆழப் புதைத்து, அதன்மேல் இறுகிய படை ஒன்றை அமைத்து, மலையிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணை மேலே பரப்பினர். 1979 இல் தொடங்கிய திட்டம் 2012 இலேயே முடிந்தது. சீரானது சுமார் 860 ஹெக்ரெயர். செலவு 4,000 கோடி யென்னுக்கு மேல். மற்றைய நிலத்தில் பெரும்பகுதி வயலாகத் திரும்பவில்லை. வழக்காடியவர்களில் பலர் அந்த நாளைக் காண உயிருடன் இருக்கவில்லை. எனினும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்த மண்ணில் விளைந்த அரிசியை அச்சமின்றி உண்கின்றனர்.

ஆராய்ச்சியும் நிற்கவில்லை. 2012 இல் யப்பானிய விஞ்ஞானிகள் கொசிஹிக்கரி என்ற புகழ்பெற்ற நெல்லினத்தில், கட்மியம் நுழையும் அந்த மங்கனீசு வாசல் பழுதான ஒரு வகையைக் கண்டறிந்து அறிவித்தனர். அது மாசடைந்த மண்ணில் வளர்ந்தாலும் அரிசியில் கட்மியம் சேர்வது மிகச் சொற்பம்.

எமது வயல்கள்

கமியோக்கா போன்ற பெரிய நாகச் சுரங்கம் எமது நாட்டில் இல்லை. ஆகவே எல்லா வயலும் நஞ்சாகிவிட்டது என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கமக்காரரிடையே காணப்படும் சிறுநீரக நோயையும் ஜின்சூ நோயையும் ஒன்றென்று கொள்ளலாகாது. அதற்குக் குடிநீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, வெயிலில் உடல்நீர் வற்றுதல், விவசாய இரசாயனங்கள், உலோகங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. ஒன்றே காரணம் என்று முடிவு காணப்படவில்லை.

ஆனால் சிறு சிறு மாசு எங்கும் ஏற்படலாம். பழைய வாகன பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கிய இடம், வாகனத் திருத்தகம், பழைய இரும்புக் குவியல், குப்பை எரித்த பள்ளம், மருந்து ஊட்டிய மரங்களை அடுக்கிய இடம், முகாம்கள் இருந்த நிலம் ஆகியவை கவனத்துக்குரியவை. பொசுபேற்றுப் பசளையிலும், அது செய்யப்பட்ட பாறையைப் பொறுத்து, சிறிதளவு கட்மியம் இருக்கும். இவற்றை மனதிற்கொண்டு பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. காணியின் கதையைக் கேளுங்கள். நீங்கள் இல்லாத வருடங்களில் அங்கே என்ன இருந்தது, என்ன எரிக்கப்பட்டது என்று அயலவரிடம் விசாரித்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அடையாளம் தெரியாத உலோகப் பொருள் எதையும் தொடவோ கிண்டவோ வேண்டாம். அந்த இடத்தை விட்டு விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

2. நீர் நுழையும் வாயைக் கவனியுங்கள். வாய்க்காலால் வரும் உலோகம் வரம்பு வெட்டிய வாயருகே கூடுதலாகவும் வயலின் மறுகோடியில் குறைவாகவும் படியும். வாயருகே மட்டும் பயிர் தொடர்ந்து குன்றினால் அது ஓர் அறிகுறியாகும்.

3. மண்ணைச் சோதியுங்கள். வாயருகில் ஒரு மாதிரியும் மற்றப் பகுதியில் ஒரு மாதிரியும் தனித்தனியே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பத்து இடங்களில் 15 சதமமீற்றர் ஆழம்வரை மண் எடுத்து, நன்கு கலந்து, அரைக் கிலோவைப் புதிய பொலித்தீன் பையில் இட்டு விபரம் எழுதுங்கள். துருப்பிடித்த கருவியோ நாகம் பூசிய வாளியோ வேண்டாம். வழமையான மண் பரிசோதனை சத்துக்களையே காட்டும். உலோகமும் பார்க்க வேண்டும் என்று விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லிக் கேளுங்கள். பலர் சேர்ந்து கமக்காரர் அமைப்பின் மூலம் கேட்டால் செலவும் குறையும், கோரிக்கைக்குப் பலமும் கூடும். மண்ணுடன் அந்த வயலின் நெல்லையும் சோதிப்பது மிக நன்று.

4. மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு இடுங்கள். புளிப்பு மண்ணில் கட்மியம் எளிதில் கரையும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் மண்ணுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. நன்கு உக்கிய மாட்டெருவும் கூட்டெருவும் உலோகத்தைப் பிடித்து வைக்கும். நகரக் குப்பையில் செய்த கூட்டெருவில் பற்றரித் துண்டுகள் கலந்திருக்கலாம், விசாரித்தே வாங்குங்கள்.

5. ரி.எஸ்.பி. பசளையைச் சிபார்சுக்கு மேல் இடாதீர்கள். மிகுதியாக இட்டால் காசும் வீண், மண்ணும் கெடும்.

6. மாசு உறுதியானால் அந்த வயலின் வைக்கோலை மாட்டுக்குப் போடவோ திரும்ப உழுதுவிடவோ வேண்டாம். உலோகம் வைக்கோலிலும் இருக்கும். நெல்லை விட்டுக் கீரையோ புகையிலையோ வைக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். அவை இலையிலே கட்மியத்தைச் சேர்ப்பவை. தாய்லாந்தின் தாக் மாகாணத்தில் இப்படி மாசடைந்த வயல்களில் எரிபொருளுக்கான கரும்பு நடும்படி ஊக்குவிக்கப்பட்டது.

7. வீட்டில், அரிசியை நன்கு களைந்து, நிறைய நீர்விட்டுக் கஞ்சி வடித்துச் சமைத்தால் ஆசனிக்கில் ஒரு பங்கு குறையும். கட்மியம் இதனால் பெரிதாகக் குறையாது. முருங்கை, மீன், பயறு போன்ற இரும்புச்சத்துள்ள உணவு தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு காப்பாகும்.

8. பற்றரியைக் காணிக்குள் உடைக்கவோ எரிக்கவோ எவரையும் விடாதீர்கள். ஒரு நாள் உழைப்புக்காக உருக்கிய ஈயம் அந்த முற்றத்தில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

ஜின்சூ நதிக்கரையில் நோய்க்குக் காரணம் தெரிய ஐம்பது வருடங்கள் சென்றன. நிலத்தைச் சீராக்க மேலும் முப்பத்துமூன்று வருடங்கள் சென்றன. ஒரு பையில் அரைக் கிலோ மண்ணைச் சோதனைக்கு அனுப்ப ஒரு காலைப்பொழுது போதும். நீண்ட காலம் காத்திருந்து பெற்ற காணியில் முதல் விதைப்புக்கு முன் அந்த ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வையுங்கள்.